நீலப்புகையும் ஓர் அரை வளையமும்

வேலையிலிருந்து நின்று இரண்டாவது வருடம் நடக்கிறது. ஒரே இடத்தில் உட்கார எனக்கு இன்னும் பழக்கமாகவில்லை. சரவணம்பட்டியில் மகன் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். காலையில் கீழே கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது நான் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். எந்த வண்டிக்கு பெல்ட் தேய்ந்திருக்கிறது, எதற்கு பேட்டரி சாகப் போகிறது என்று காது தன் பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருக்கும்.

“ஏனுங்க, அந்த வண்டிக்காரங்க உங்களைக் கூப்பிட்டாங்களா? வந்து உக்காருங்க” என்று மனைவி தெய்வானை உள்ளேயிருந்து சத்தம் போடுவாள்.

அதனால் வாரத்தில் பாதி நாள் பஸ் ஏறி சிங்காநல்லூருக்கு, நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடுவேன். என்னோடு வேலை பார்த்த அந்தோணிதான் இப்போது அங்கே ஃபோர்மேன். போன மாதம் அவன் என்னை டீக்கடைக்கு அழைத்துப் போய், மிகவும் மரியாதையாக ஒன்று சொன்னான்.

“மணியண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க பின்னாடி வந்து நின்னா பசங்களுக்குக் கை நடுங்குதுங்க. அந்தப் பொள்ளாச்சிக் கார் கதையைக் கேட்டுட்டே இருக்கறாங்க. அதை எழுதிக் குடுத்துருங்களேன். படிச்சுக்குவாங்க.”

கோபம் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் நான்கு நாள் வீட்டுக்குள் நடந்து பார்த்ததில், எழுதுவதும் ஒரு வேலைதானே என்று தோன்றியது.

பத்தாவது முடித்தேன், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தேன், ஒரு லாரிப் பட்டறையில் சில வருடம் டீசலில் ஊறினேன், பிறகு சிங்காநல்லூருக்கு வந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியது ரேவதி மேடத்தைப் பற்றி.

ஒர்க்‌ஷாப்பின் முதலாளி ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. அவருடைய மனைவிதான் ரேவதி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். இடத்தை விற்றுவிட்டு அப்பா வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். காரியங்கள் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, பருத்திச் சேலைக்கு மேல் கணவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். “வேலை நடக்கட்டுமுங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆபீஸ் அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். யாரையும் திட்ட மாட்டார், தரையைக் கூட்டுகிறவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஒரு கேள்வி வைத்திருந்தார். “கிளட்ச் போச்சுங்க மேடம்” என்று சொன்னால், தலையைக் கொஞ்சம் சாய்த்து, “எப்படித் தெரியுமுங்க?” என்பார். கிண்டல் இருக்காது, சந்தேகம்கூட இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். பதில் சொல்லும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.

ஆரம்பத்தில் எனக்கு அது முள்ளாகக் குத்தியது. இத்தனை வருட வேலைக்காரனிடம் இப்படியா கேட்பது என்று அந்தோணியிடம் புலம்பினேன். பிறகு, அவரிடம் போவதற்கு முன்பே அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். அவரிடம் சொல்லப் போகும் பழுதுகளில் பாதி, போகும் வழியிலேயே மாறிவிடும்.

மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்களில் ஒரு நாள் நாச்சிமுத்து வந்தார். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், தோப்புகளுக்கு நடுவே ஒரு ஊர். தென்னை விவசாயி. நெடுநெடுவென்று உயரம், மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி. ஓட்டிவந்தது பழைய பெட்ரோல் கார். அவர் அப்பா வாங்கியது. வெளியே நிறுத்திவிட்டு வந்து, ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி மெதுவாகப் பேசினார்.

“காலையில ஸ்டார்ட் பண்ணுனா வீடு பூராவும் புகையாப் போயிருதுங்க. நீலக் கலர்ல. என்ற புள்ளைக்கு வீசிங் இருக்குதுங்க. அவளுக்கு மூச்சு இழுத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு இந்த வண்டிதான். இதைய ஸ்டார்ட் பண்ணுனா அவளுக்கு இன்னும் இழுக்குது. நான் என்ன செய்யறதுங்க?”

வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக இருக்கும் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தனை நாள் வண்டியில்லாமல் இருக்க அவருக்குத் துணிவில்லை.

“எப்பெப்பப் புகையுதுங்க?” என்று கேட்டேன்.

“காலையில மொதல் தடவை. அப்புறம் நின்னுருது. வால்பாறை போய்ட்டு இறங்கறப்ப, மலையடிவாரத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சா ஒருக்கா குபுகுபுன்னு வரும்.”

“மேல ஏறறப்ப?”

யோசித்தார். “ஏறறப்ப இல்லீங்களே.”

எனக்கு அங்கேயே கால் பரபரத்தது. ரிங் தேய்ந்த வண்டி என்றால் மேடு ஏறும்போதுதான் அதிகம் புகைய வேண்டும். இரவெல்லாம் நின்று காலையில் புகைவதும், மிதிக்காமல் இறங்கிவந்து பிறகு மிதிக்கும்போது புகைவதும் வேறு கதை. எஞ்சினின் தலையில், ஹெட் என்போம், வால்வுகள் ஏறி இறங்குகின்றன. அவற்றின் தண்டைச் சுற்றி, கழுத்தில் போட்ட மாதிரி ஒரு சின்ன ரப்பர் குல்லாய் இருக்கும். அதுதான் ஆயில் சீல். மேலே இருக்கும் ஆயில் தண்டு வழியாக உள்ளே வழியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து அது கெட்டியாகிவிட்டால் பிடிப்பு போய்விடும். இரவில் சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்கும். காலையில் அதுதான் நீலமாக எரிகிறது.

சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்த்தேன். நன்றாக இருந்தது. பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து, இப்போது அளவு ஏறியிருக்கும். ஏறவில்லை. பிறகுதான் மேடத்திடம் போனேன். அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன்.

“சரிங்க மணியண்ணா. ஹெட்டைக் கழட்டிட்டா எல்லாத்தையும் கண்ணால பாத்துச் செய்யலாமுங்களே?”

“கழட்டுனா லேத்துக்குப் போகோணுமுங்க, கேஸ்கட் மாத்தோணுமுங்க, நாள் ஆகுமுங்க. கழட்டாமயே சீலை மட்டும் ஒரு நாள்ல மாத்தீரலாம். சீலை எடுத்ததும் வால்வுத் தண்டை ஆட்டிப் பாப்பனுங்க. ஆட்டம் இருந்தா அங்கயே நிறுத்திப்போட்டு ஹெட்டைக் கழட்டீரலாம்.”

“வால்வு உள்ள உழுந்துருச்சுன்னா?”

“பிஸ்டனை மேல கொண்டுவந்து வெச்சுட்டுத்தான் தொடுவனுங்க. உழுந்தாலும் பிஸ்டன் மேல உக்காந்துக்கும். அதுபோக உள்ள காத்து ஏத்தித் தாங்கிப் பிடிச்சுக்கலாம்.”

எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டு, “செய்ங்க” என்றார்.

மறுநாள் காலையிலேயே நாச்சிமுத்து வண்டியோடு வந்துவிட்டார். பெஞ்சைக் காட்டினோம், உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக இருந்தார்.

மேல் மூடியைத் திறந்து, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைக் கழற்றி வைத்தேன். ராக்கர்களைத் தள்ளும் புஷ்ராடு கம்பிகள் இறங்கும் துளைகளையும் ஆயில் இறங்கும் துளைகளையும் சுத்தமான துணியால் அடைத்தேன். அங்கே ஒரு சின்னத் துண்டு விழுந்தாலும் நேராக எஞ்சினின் வயிற்றுக்குப் போய்விடும். முதல் சிலிண்டரில் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, பிளக் இருந்த இடத்தில் கம்ப்ரசர் குழாயை மாட்டிக் காற்றை ஏற்றினேன். வால்வு ஒட்டிக்கொண்டு நின்றது.

ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு தட்டு. தட்டைப் பிடித்துவைத்திருப்பது இரண்டு அரை வளையங்கள். லாக் என்போம். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட வராது. தட்டின் மேல் ஒரு குழல் வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டி இறுக்கத்தை விடுவித்தேன். பிறகு நெம்புகோலால் ஸ்பிரிங்கை அழுத்தி, காந்தத்தால் இரண்டு லாக்குகளையும் எடுத்தேன். ஸ்பிரிங் கையோடு வந்தது. அடியில் சீல். இடுக்கியால் பிடித்துத் திருகி இழுத்தபோது, ரப்பர் வளையவில்லை. கருகிய அப்பளம் மாதிரி நொறுங்கியது.

“இதுங்களா?” என்று நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். “இத்தனூண்டா?”

தண்டை ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். தண்டின் நுனியில் லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். புதுச் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். அதனால் நுனிக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டி, ஆயில் தடவி, சீலை அதன் மேல் இறக்கி, அடியில் போய் உட்காரும் வரைக்கும் அழுத்தினேன். உட்கார்ந்துவிட்டது என்பதைக் கை சொல்லும். மறுபடி ஸ்பிரிங், தட்டு, கிரீஸ் தடவிய லாக்குகள்.

இரண்டு சிலிண்டர் முடிந்தது. மூன்றாவதைத் தொடங்கும் நேரம் கரண்ட் போயிற்று. கம்ப்ரசர் நின்றது. டாங்கியில் மிச்சமிருந்த காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“எப்ப வரும்னு தெரியலீங்க மணியண்ணா” என்றார் மேடம், மீட்டர் பெட்டிப் பக்கமிருந்து.

காற்றில்லாவிட்டால் கயிறு. பிஸ்டனைக் கொஞ்சம் இறக்கி, பிளக் துளை வழியாகக் கயிற்றை உள்ளே திணித்து, கையால் எஞ்சினைச் சுற்றி பிஸ்டனை மேலே கொண்டுவந்தால், சுருண்ட கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். நாச்சிமுத்து ஓடிப்போய் டிக்கியிலிருந்து தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“அது வேண்டாங்கண்ணா, நார் உதிரும். நைலான்தானுங்க வேணும்.”

பாவம், அவருக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. மேடம் புது நைலான் கயிறு வாங்கிவரச் சொன்னார். மூன்றாவதை முடித்தேன். நான்காவதில் கடைசி வால்வு. சீல் போட்டாயிற்று, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து ஒரு லாக்கை வைத்துவிட்டேன். இரண்டாவதை வைக்கும்போது நெம்புகோல் வழுக்கியது.

‘டிங்’ என்று ஒரு சத்தம். லாக் பறந்தது. விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். தரையில் விழுந்தால் சத்தம் கேட்கும். பானட்டில் பட்டாலும் கேட்கும். சத்தமே இல்லை என்றால் அது எங்கே போயிருக்கும்? குனிந்து பார்த்தேன். நெம்புகோல் உரசியதில் ஒரு துளையின் துணி விலகியிருந்தது. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

அந்தோணி டார்ச்சோடு வந்தான். எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். காந்தத்தை எஞ்சினைச் சுற்றிலும் விட்டு ஆட்டினோம். கூட்டிப் பெருக்கி, மண்ணைச் சலித்தோம். இல்லை. அந்தோணி என் காதருகே வந்தான்.

“அண்ணா, ஸ்பேர் லாக் இருக்குது. போட்டு மூடீரலாமுங்க. வெளியதான் எங்கயாவது போயிருக்கும்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. வெளியே போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் பதில் சொல்வதற்குள் நாச்சிமுத்துவின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

“புள்ளைக்கு இழுக்குதுங்க” என்றார். “பக்கத்துத் தோட்டத்துக்காரரு தேங்கா ஏத்தற டெம்போவுல பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாரு. நான் போகோணும். வண்டியை மூடிக் குடுத்துருங்க. புகைஞ்சாலும் பரவால்லீங்க.”

“அண்ணா, ஒரு லாக்கைக் காணோமுங்க. எஞ்சினுக்குள்ள போயிருந்தா, ஓட்டறப்ப மாட்டி எஞ்சின் அடைச்சு நின்னுரும். நடு ரோட்டுல நின்னீங்கன்னா?”

“போகலைன்னா? உள்ள போகலைன்னா?” என் கையைப் பிடித்துக்கொண்டார். “குடுங்க சாமி. என்ற புள்ளைங்க.”

என் நாற்பது வருட வேலையில் அந்த ஒரு நிமிடம்தான் கடினமானது. ஸ்பேர் லாக் என் மேல்சட்டைப் பையில்தான் இருந்தது. மூடிக் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். சுற்றிலும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மேடம் வந்து நின்றார். எப்போதும் போலத் தலையைச் சாய்த்தார்.

“உள்ள போயிருக்குதுன்னு எப்படித் தெரியுமுங்க?”

“தெரியாதுங்க மேடம்” என்றேன். “தெரியாததுனாலதான் குடுக்க மாட்டேங்கறனுங்க.”

அவர் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. ஆபீஸுக்குள் போய்த் தன்னுடைய கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணா, வாங்க போலாம். நான் ஓட்டறேன்.”

நாச்சிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும் வரைக்கும் நின்றுவிட்டு, உள்ளே வந்து காரை ஜாக்கியில் தூக்கினேன்.

ஆயிலை வடித்தோம். துணி கட்டி வடிகட்டினோம். குறுக்கே நிற்கும் சட்டத்தை இறக்கி, எஞ்சினின் அடிச்சட்டியைக் கழற்றினோம். அதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது. சட்டியின் அடியில் வருடக்கணக்கான கறுப்புச் சேறு. விரலால் ஒவ்வொரு மூலையாகத் துழாவினேன். இல்லை. வால்வுகளை இயக்கும் கேம்ஷாப்ட் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். காந்தத்தைக் கம்பியில் கட்டி ஒவ்வொரு துளையிலும் விட்டேன். இல்லை. எழுந்து கேட் வரைக்கும் நடப்பேன், திரும்பி வந்து முதலிலிருந்து தேடுவேன். அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதும் தெரியவில்லை. அந்தோணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடிக்கத் தோன்றவில்லை.

போன் அடித்தது. மேடம்.

“பொண்ணுக்கு மருந்துப் புகை வெச்சிருக்கறாங்க மணியண்ணா. இப்பப் பரவாயில்ல. மூச்சு சீராயிருச்சு. ரெண்டு நாள் இருக்கட்டும்னு சொல்றாங்க.”

சுவரில் சாய்ந்துகொண்டேன். “சரிங்க மேடம்.”

“இன்னொண்ணு. இங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல நாச்சிமுத்தண்ணன் வேட்டியை அவுத்து உதறிக் கட்டுனாருங்க. ஏதோ ‘டிங்’குன்னு உழுந்துச்சு. புள்ளையோட தோட்டுத் திருகாணின்னு நெனைச்சு எடுத்துப் பாத்தாரு. அரை வளையமாட்ட இருக்குது. உள்பக்கம் சின்னதா ஒரு மேடு.”

நான் சுவரை விட்டு நிமிர்ந்தேன்.

“மணியண்ணா?”

“எப்படித் தெரியுமுங்க மேடம், நம்மளுதுதான்னு?” என்றேன். ஏன் அப்படிக் கேட்டேனோ. அந்தப் பக்கம் அவர் சிரித்துவிட்டார். அவர் கணவர் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “கிரீஸ் ஒட்டியிருக்குதுங்க” என்றார்.

மடித்துக் கட்டிய வேட்டியின் மடிப்புக்குள் விழுந்தால் சத்தம் எப்படிக் கேட்கும்? அந்தோணி தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். எதிரே ஒரு எஞ்சினின் வயிறு முழுக்கத் திறந்து கிடந்தது. வீண்வேலை என்று பிறகு பலர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சட்டியைக் கழற்றாமல் என்னால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

மறுநாள் மேடம் கொண்டுவந்த லாக்கை மாட்டி, சட்டியைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, எல்லாவற்றையும் மூடி, ஸ்டார்ட் செய்தேன். ஒர்க்‌ஷாப் முழுக்க நீலப்புகை. முன்பைவிட அதிகம். வேலைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார்.

“சைலன்சர்ல பழைய ஆயில் தேங்கியிருக்குமுங்க. அது எரிஞ்சு தீரோணும்” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் உள்ளே உதறல்தான். காரை எடுத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் சூலூரையும் தாண்டி ஓட்டினேன். கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். புகை மெலிந்தது. திரும்பி வரும்போது ஒன்றுமே இல்லை. ஆனால் சூடான எஞ்சினை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஓர் இரவு ஆறிக் கிடந்த பிறகு, முதல் ஸ்டார்ட்டில்தான் உண்மை தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெண்ணை வீட்டுக்கு அனுப்பிய அன்று மாலை அந்தோணி காரைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் விட்டுவிட்டு வந்தான். காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு நாச்சிமுத்து போன் செய்வதாக ஏற்பாடு. என்னால் போனுக்காகக் காத்திருக்க முடியவில்லை. விடியற்காலையில் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ் மாறி, தோப்புக்குள் நடந்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கேட்டைத் திறந்தவர் திகைத்துவிட்டார்.

“ஏனுங்க, நீங்க வாரேன்னு சொல்லவே இல்லீங்களே!”

“இன்னும் ஸ்டார்ட் பண்ணலீங்களே?”

“இல்லீங்க. இப்பத்தான் சாவி எடுத்தேன்.”

வீட்டை ஒட்டினாற்போலக் கார் நின்றது. எங்கள் சத்தம் கேட்டதும் அவர் மனைவி வெளியே வந்தார், சாவியைப் பார்த்தார், உள்ளே போனார். ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாகப் படபடவென்று அடைபடும் சத்தம் கேட்டது. முன்கதவையும் சாத்தித் தாழ்போட்டார். தினமும் காலையில் நடப்பது அதுதான் போலிருக்கிறது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து சாவியை என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவரே உட்கார்ந்து திருகினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து சைலன்சர் வாயைப் பார்த்தேன். பிறகு உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பனிக்காலத்து மூச்சு மாதிரி லேசாக வெள்ளை ஆவி, அதுவும் சீக்கிரம் கரைந்தது. நீலம் இல்லை. எழுந்து நாச்சிமுத்துவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இறங்கினால் புகைய ஆரம்பித்துவிடுமோ என்பது போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே மிக்ஸி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. காருக்கு நேராக இருந்த ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் மூடியபடி அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இன்னும் ஸ்டார்ட் பண்ணலீங்களா?”

“ஓடீட்டுத்தான் இருக்குது கண்ணு” என்றார் நாச்சிமுத்து.

அவள் சைலன்சர் பக்கம் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இறக்கிவிட்டு, ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள்.